நீ வராத டிராஃப்ட்

ஆப்பிள்டன்,
மே 4, 2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். குறுஞ்செய்தி அனுப்பினால் நீ பார்த்துவிட்டாய் என்று போன் காட்டுகிறது, பதில்தான் வருவதில்லை. அதனால் தாளில் எழுதி அனுப்புகிறேன். தமிழில் நீளமாக எழுதினால் படிக்க நேரமாகும் என்று சொல்லாதே. சனிக்கிழமைதோறும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான். உனக்கு எவ்வளவு வேகமாகப் படிக்க வரும் என்று எனக்குத் தெரியும். பருப்புப் பொடி பார்சல் வந்ததா? வேளைக்குச் சாப்பிடு.

கல்லூரிப் பையன்களை அமெரிக்கக் கால்பந்து டீம்கள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முடிந்து ஒரு வாரம் ஆயிற்று. 2025-இல் நம்ம பேக்கர்ஸ் டீமின் ஊரான கிரீன் பேயில்தான் நடக்கும் என்று அறிவித்த அன்று, எந்த ஊரில் இருந்தாலும் வந்துவிடுவேன் என்று சொன்னவள் நீ. குற்றமாகச் சொல்லவில்லை. உன் அறையில் புது விரிப்பு போட்டு வைத்திருந்தேன். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

தம்பியும் நானும் சைக்கிள் தாத்தாவும் போனோம். அப்பா வரவில்லை. வியாழக்கிழமை மதியமே கிளம்பியும் லாம்போ ஸ்டேடியம் பக்கம் காரைக் கொண்டுபோக முடியவில்லை. வீட்டுப் புல்தரையில் வண்டி நிறுத்தக் காசு வாங்குவார்களே, அந்தத் தெருக்களெல்லாம் மாட்ச் நாளைவிட நெரிசல். மூன்று நாளில் ஆறு லட்சம் பேர் வந்துபோனதாகக் கணக்கு சொன்னார்கள். ஒரு லட்சத்துச் சொச்சம் பேரே இருக்கும் ஊரில்! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எந்தக் கோடீஸ்வரனுக்கும் சொந்தமில்லாத டீம் இது ஒன்றுதானே. உன் பெயரில் 300 டாலர் கொடுத்து வாங்கிய பங்குப் பத்திரம் உன் அறைச் சுவரில் அப்படியே இருக்கிறது. லாபம் தராது, விற்கவும் முடியாது என்று அப்பா அன்றைக்கு எவ்வளவு சொன்னார்!

முதல் சுற்றில் நம்ம முறையான 23-ஆவது இடம் வரும்வரை எங்களுக்குள் ஒரே சண்டை. தம்பிக்கு, எறியும் பந்தைப் பிடித்து ஓடும் ரிசீவர்தான் வேண்டும். ஜனவரியில் பிலடெல்பியாவிடம் 22-10 என்று தோற்றதை அவன் இன்னும் மறக்கவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் சிகாகோ பேர்ஸ் மாட்ச்சில் நம்ம ரிசீவர் வாட்சனுக்கு முழங்கால் போனது. அன்று இரவு நீ போன் செய்து, எந்தத் தசைநார் கிழிந்தால் எத்தனை மாதம், அறுவைசிகிச்சையில் என்ன செய்வார்கள் என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தாய். நான் பாதியைத்தான் கேட்டேன். மீதி நேரம், எத்தனை தெளிவாகச் சொல்கிறாள் இந்தப் பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாத்தாவுக்கு ரிசீவர் என்றாலே ஆகாது. பந்தை எறியும் எதிராளி குவார்ட்டர்பேக்கைத் துரத்திப் பிடிக்க ஆள் வேண்டும், இல்லாவிட்டால் ரிசீவரைத் தடுக்கும் ஒரு கார்னர்பேக், நம்ம ஜயர் அலெக்சாண்டர் இரண்டு சீசனாக ஏழு ஏழு ஆட்டம்தானே ஆடினான் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நம்ம பழைய ரிசீவர்களில் டோனல்ட் டிரைவர் ஏழாவது சுற்றில் வந்தவர். ஜென்னிங்ஸ், ஜோர்டி நெல்சன், காப், டவாண்டே ஆடம்ஸ் நால்வரும் இரண்டாவது சுற்று. ரிசீவரை இரண்டாவது சுற்றில் கண்டுபிடிக்கத் தெரிந்த டீம் முதல் சுற்றை எதற்கு வீணடிக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. தம்பி விடவில்லை. அப்படியே சொல்லிச் சொல்லித்தான் நம்ம பழைய குவார்ட்டர்பேக் ராட்ஜர்ஸுக்கு ஒரு தடவைகூட முதல் சுற்று ரிசீவரை எடுத்துத் தரவில்லை என்றான். 2002-இல் ஜவான் வாக்கரை எடுத்ததோடு சரி. அப்போது உனக்கு நாலு வயது.

என் கட்சி உனக்குத் தெரியும். ஓட்டை எங்கே என்று பார்த்து ஆள் எடுக்கக் கூடாது. முதல் சுற்றில் வருகிறவனுக்கு நாலு வருஷ ஒப்பந்தம், டீம் விரும்பினால் ஐந்தாவது வருஷமும் உண்டு. இன்றைக்கு இருக்கும் ஓட்டை அடுத்த வருஷம் வேறு இடத்துக்குப் போய்விடும். மிச்சமிருப்பவர்களில் யார் நல்ல ஆட்டக்காரனோ அவனை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

டீம் தலைவர் மார்க் மர்ஃபி மேடைக்கு வந்து மாத்யூ கோல்டன் என்று சொன்னார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்துப் பையன், ரிசீவர்! நான் லாம்போவில் எத்தனையோ சத்தம் கேட்டிருக்கிறேன், இப்படி ஒன்று கேட்டதில்லை. முன்பின் தெரியாதவர்களெல்லாம் தம்பியைக் கட்டிப்பிடித்தார்கள். தாத்தா மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அவருக்கும் தம்பிக்கும் வாக்குவாதம். 40 கெஜத்தை 4.29 வினாடியில் ஓடினான் என்று இவன். உயரம் ஆறடிகூட இல்லை, எடை 191 பவுண்டுதான், ஜனவரிக் குளிரில் முட்டிமோதித் தாங்குவானா என்று அவர். போன சீசன் 58 பந்து பிடித்து 987 கெஜம் என்று இவன். 1989-இல் நாம் எடுத்த மாண்டரிச்சையும் இப்படித்தான் புகழ்ந்தார்கள், அவனுக்காக பாரி சாண்டர்ஸை விட்டோம், டெரிக் தாமஸை விட்டோம், டியான் சாண்டர்ஸை விட்டோம் என்று அவர். மூன்றும் அடுத்தடுத்த இடங்களாம். அவருக்கு அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. நீ இருந்திருந்தால் இரண்டு பேரையும் ஒரு நிமிஷத்தில் அடக்கியிருப்பாய். உன்னைக் கேட்டார். பரீட்சை என்று சொல்லிவிட்டேன்.

ஆச்சிக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறேன். பாளையங்கோட்டையிலிருந்து வாரம் தவறாமல் கேட்கிறாள், பேத்திக்கு எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று. எனக்குப் பொய் சொல்லப் பிடிக்கவில்லை. ஆனால் நீ என்ன சொல்லச் சொல்கிறாய் என்று தெரியாமல் நானாக எதையும் சொல்ல மாட்டேன்.

சரி, நான் சொல்ல வந்தது ஷெடூர் சாண்டர்ஸ் பற்றி. தாத்தா சொன்ன அந்த டியானின் மகன், குவார்ட்டர்பேக். முதல் சுற்றிலேயே போவான் என்றுதான் பல நிபுணர்கள் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வியாழன் இரவு போகவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டாவது, மூன்றாவது சுற்று, அதிலும் இல்லை. அவனுக்கு முன்னால் ஐந்து குவார்ட்டர்பேக்குகளைக் கூப்பிட்டார்கள். கடைசியில் சனிக்கிழமை ஐந்தாவது சுற்றில், 144-ஆவதாக, கிளீவ்லண்ட் எடுத்தது. அதே கிளீவ்லண்ட் முந்தின நாள்தான் 94-ஆவது இடத்தில் வேறொரு குவார்ட்டர்பேக்கை எடுத்திருந்தது. தம்பிக்கு அது பெரிய வேடிக்கை. அவனைத் திட்டினேன். வெள்ளி இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்தப் பையன் சாப்பிட்டானோ, யாரிடமாவது பேசினானோ என்று அதே யோசனை. ஊரே ஆளுக்கொரு காரணம் சொல்கிறது, திமிர் என்கிறது, அப்பா வளர்ப்பு என்கிறது, கை பலம் போதாது என்கிறது. அவன் பந்து எறிவதை ஒரு தடவைகூடப் பார்க்காதவர்களும் சொல்கிறார்கள்.

2005 உனக்கு ஞாபகம் இருக்கும். ஏழு வயது. ராட்ஜர்ஸ் நியூயார்க்கில் அந்த அறையில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் ஆளாக அலெக்ஸ் ஸ்மித்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் நாலு மணி நேரத்துக்கு மேல் ஒருவரும் கூப்பிடவில்லை, கேமரா மட்டும் முகத்தை விட்டு நகரவில்லை. ஏன் அந்த அண்ணன் மட்டும் இன்னும் உட்கார்ந்திருக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். 24-ஆவதாக நம்ம டீம் எடுத்தபோது குவார்ட்டர்பேக்காக ஃபாவ்ரே இருக்கும்போது இவன் எதற்கு என்று இந்த மாநிலமே கத்தியது. மூன்று வருஷம் பெஞ்சில் இருந்தார். அப்புறம் நடந்ததெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

2020 அதைவிட மோசம். கொரோனாவில் கல்லூரி மூடி நீ வீட்டில் இருந்தாய். முந்தின சீசன் 13 ஜெயித்து, சான் பிரான்சிஸ்கோவிடம் தோற்று சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தை ஒரு படியில் விட்டிருந்தோம். எல்லாரும் ரிசீவருக்குக் காத்திருந்தோம். ஜெஃபர்சனை 22-இல் வைக்கிங்ஸ் கொண்டுபோய்விட்டது, நீ இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இன்றுவரை அந்தப் பெருமை. நம்ம மேனேஜர் குட்டகுன்ஸ்ட் 30-ஆவது இடத்திலிருந்து 26-க்கு ஏறி ஜோர்டன் லவ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார். ராட்ஜர்ஸ் இருக்கும்போது! நான் டிவியை அணைத்துவிட்டேன். மறுநாள் முழுக்க யார் போன் செய்தாலும் அதே பேச்சு. கடைசி வருஷம் 17 தடவை பந்தை எதிராளிக்குக் கொடுத்தவன், இவனெல்லாம் முதல் சுற்றா என்று நானும்தான் சொன்னேன். நீ சாப்பாட்டு மேஜையில் கையை ஓங்கி வைத்து, "அவன் என்ன பண்ணினான்? அவனையா கேட்டு எடுத்தாங்க?" என்றாய். எல்லாரும் அடங்கிவிட்டோம். பதினாலு வயதில் அப்பாவை இழந்த பிள்ளை அவன், அதையும் நீதான் சொன்னாய்.

முதல் வருஷம் லவ்வை ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. ராட்ஜர்ஸ் அந்த வருஷமும் அடுத்த வருஷமும் எம்விபி, லீகிலேயே சிறந்த ஆட்டக்காரர். லவ்வுக்கு முறை வந்தது 2023-இல்தான். டாலஸில் போய் 48-32 என்று ஜெயித்த அன்று நீ இரவுப் பணியில் இருந்தாய், ஓய்வறையிலிருந்து கூப்பிட்டுக் கத்தினாய். 2024 ஜூலையில் நாலு வருஷத்துக்கு 220 மில்லியன் டாலர் கொடுத்தார்கள்.

கடைசியில் ஜெயித்துவிட்டான் பார் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, பாப்பா. அவன் ஜெயிக்காமலே போயிருந்தாலும் அன்று நீ கேட்ட கேள்வி சரியான கேள்வி. 26 என்பது அவர்கள் போட்ட நம்பர். 144-உம் அவர்கள் போட்டதுதான். எந்த டீமுக்கு அந்த வருஷம் என்ன தேவை, எவனுக்கு முன்னால் எவன் காலியாகிப் போனான், யாருக்கு யார்மேல் பயம், இத்தனையும் கலந்து ஒரு வரிசை வருகிறது. ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு உனக்கு இடம் இல்லை என்று மார்ச் மாதம் அந்தத் திங்கட்கிழமை வந்த மின்னஞ்சலும் அப்படித்தான். நீ உன் பட்டியலைக் கொடுத்தாய், ஆஸ்பத்திரிகள் அவரவர் பட்டியலைக் கொடுத்தார்கள், கம்ப்யூட்டர் சேர்த்துப் பார்த்தது. அதில் உன் கை எவ்வளவு நிதானமானது என்று எங்கே எழுதியிருக்கிறது? ஆர்த்தோவுக்கு, அந்த எலும்பு அறுவைசிகிச்சைத் துறைக்கு, இடமே குறைவு என்று இரண்டு வருஷத்துக்கு முன்பே எனக்குச் சொன்னவள் நீதானே.

எழுதிவிட்டேன். எழுதக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார், அவளாகச் சொல்லும்வரை விடு என்றார். அவர் தினமும் சாயங்காலம் உன் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார். யாரும் ஓட்டாத சைக்கிள்.

நீ எங்களிடம் வெட்கப்படுகிறாயோ என்றுதான் எனக்குப் பயம். வேறு பயமும் இருக்கிறது, அதை எழுத மாட்டேன். நீ டாக்டர், உனக்குத் தெரியும் நான் எதைச் சொல்கிறேன் என்று. ராத்திரியில் தனியாக இருக்காதே. கூட இருக்கும் அந்தப் பெண்ணோடு சேர்ந்து சாப்பிடு. வேளைக்குச் சாப்பிடு.

செப்டம்பரில் மறுபடி விண்ணப்பிப்பாயோ, ஒரு வருஷம் ஆராய்ச்சியில் இருப்பாயோ, வேறு துறைக்குப் போவாயோ, அது உன் முடிவு. பணத்தைப் பற்றி யோசிக்காதே, அப்பா கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். ஆனால் பட்டமளிப்புக்கு நாங்கள் வருகிறோம், அதை நீ கேட்கவே வேண்டாம். அறை போட்டாகிவிட்டது. தாத்தாவும் வருகிறேன் என்கிறார். நீ டாக்டராகிற நாள் அது, அதை எந்த மின்னஞ்சலும் மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடுவேன். எடு. பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசவேண்டாம், நான் கோல்டனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எடுத்தால் போதும்.

அன்புடன்,
அம்மா