பெயர் சுவரிலேயே இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், சென்னையில் நடந்த கோயில் கட்டடக்கலைக் கண்காட்சியையும் அதை ஒட்டி நடந்த ஆய்வரங்கத்தையும் பற்றி முழுப் பக்கம் எழுதியிருந்தீர்கள். படங்கள் நன்றாக வந்திருந்தன. மூன்றாவது பத்தியில் ஒரு வரி: "சோழநாட்டின் இந்த மாபெரும் கோயில்களை எழுப்பியவர்கள், தங்கள் பெயரைக்கூட விட்டுச் செல்லாத கலைஞர்கள்." இதைப் படித்து முடித்தபோது கையிலிருந்த காபி ஆறிவிட்டது.

விட்டுச் செல்லவில்லையாம். நான் கோனேரிராஜபுரத்துக்காரன். தேவாரத்தில் திருநல்லம். செம்பியன் மாதேவியார் தம் மகன் உத்தம சோழன் காலத்தில், மறைந்த கணவர் கண்டராதித்தர் பெயரால் எடுப்பித்த கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில், எங்கள் ஊர்க் கோயில். அதன் தெற்குச் சுவரில் கண்டராதித்தர் சிவனைத் தொழுகிற சிற்பமும், அதன் கீழே அதைச் சொல்கிற கல்வெட்டும் உண்டு. அதே சுவரில், அம்மையார் ஆணைப்படி கோயிலைக் கட்டுவித்தவர் ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் என்றும் எழுதியிருக்கிறது. அவருக்கு அரசரண சேகரன் என்று இன்னொரு பெயர், இராசகேசரி மூவேந்த வேளான் என்று பட்டம். அவர் உளி பிடித்தவரா, மேற்பார்வை பார்த்த அதிகாரியா என்று அறிஞர்கள் வாதாடட்டும். ஊர், பெயர், பட்டம் எல்லாம் கொடுத்துவிட்டுப் போனவரைப் பெயர் விடாதவர் என்றால் எப்படி?

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2010ல் ஆயிரமாண்டு விழாவுக்குத் தங்கள் பத்திரிகையே சிறப்பிதழ் போட்டது. கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் என்ற தலைமைத் தச்சர் இருக்கிறார். நித்தவினோதப் பெருந்தச்சனும் கண்டராதித்தப் பெருந்தச்சனும் அவரோடு இருக்கிறார்கள். அந்தக் கோயில் கல்வெட்டில் முடி திருத்தியவருக்கே இராஜராஜப் பெருநாவிதன் என்று பட்டம் உண்டு. கோயிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், எத்தனையாவது வீடு என்பதும் உண்டு. ஒரு போஸ்ட்மாஸ்டராகச் சொல்கிறேன், இன்றைய முகவரிகள் அவ்வளவு திருத்தமாக வருவதில்லை. சிதம்பரம் வடக்குக் கோபுரத்தில் விருத்தகிரி சேவகப்பெருமாள், அவர் மகன் விசுவமுத்து, திருப்பிறைக்கொடை ஆசாரி திருமருங்கன், அவர் தம்பி காரணாசாரி என்று நால்வரின் உருவமும் பெயரும் இருக்கின்றன. மயிலாடுதுறையில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ப் பார்த்துவிடலாம். தங்கள் நிருபருக்கு டிக்கெட் நானே எடுத்துத் தருகிறேன்.

கண்காட்சிக்கு நானும் போயிருந்தேன். பேத்தி கட்டடக்கலை படிக்கிறாள், அவள்தான் அழைத்துப் போனாள். ஏசி அரங்கம், பெரிய பெரிய பலகைகள், வெள்ளை அட்டையில் வெட்டிய விமான மாதிரிகள். ஜகதி, குமுதம், கபோதம் என்று கோயில் உறுப்புகளின் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தில் இருந்தன. தமிழில் நான் பார்த்த ஒரே பலகை 'மாதிரிகளைத் தொடாதீர்கள்' என்பது. தொடுகிறவர்கள் யார் என்பதில் மட்டும் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை போலிருக்கிறது. எங்கள் ஊரைத் தஞ்சாவூர் மாவட்டம் என்று போட்டிருந்தார்கள். 1991ல் நாகப்பட்டினத்துக்குப் போய், 2020ல் மயிலாடுதுறைக்கு வந்தாயிற்று. சரி, போகட்டும்.

அப்புறம்தான் அந்தப் புகைப்படத்தைப் பார்த்தேன். 1974ல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கோயில் சுவர், அதன் முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நிலைக்கண்ணாடி ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு மனிதர். படத்துக்குக் கீழே 'உள்ளூர் உதவியாளர்' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

அவர் என் அப்பா. கோயில் மெய்க்காவல். அந்தக் கண்ணாடி எங்கள் வீட்டுக் கண்ணாடி.

வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் வந்து பதினோரு நாள் எங்கள் ஊரில் தங்கினார். எனக்கு அப்போது பதினைந்து வயது. சுவரில் நேர் வெயில் படாத நேரத்தில், வெளியிலிருந்து கண்ணாடியால் வெயிலைச் சாய்த்து அடித்தால், தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து எழும்பி நிற்கும். அப்பா கை நடுங்காமல் பிடிப்பார். கல்வெட்டைத் தாளில் படியெடுக்கும்போது சுவரில் படிந்த சுண்ணாம்பைத் தென்னை நாரால் தேய்த்துக் கழுவியதும் அவர்தான். ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து அடித்து எழுத்துக் குழிக்குள் இறக்கி, தாள் காய்கிற பதத்தில் மையை ஒற்ற வேண்டும். எழுத்து வெள்ளையாக நிற்கும், மற்றதெல்லாம் கறுப்பு. நான் மைத்தட்டு ஏந்தினேன். வடமொழிக்கான கிரந்த எழுத்து வந்த இடங்களில் ஆய்வாளர் தடுமாறியபோது, ஊர் வாத்தியார் ஒருவர் மாலை வேளைகளில் வந்து உட்கார்ந்து படித்துச் சொன்னார். பதினோரு நாளும் மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். வத்தக்குழம்பு ஆய்வாளருக்கு ரொம்பப் பிடித்தது. போகும்போது, புத்தகம் வந்ததும் முதல் பிரதி உங்களுக்கு என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

நான் 1982ல் எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்தில் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரை ஊருக்கு வந்த பார்சல் எல்லாம் என் கை வழியாகத்தான் போயிற்று. ஆகவே, தபாலில் தொலைந்திருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

ஆய்வரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் கட்டுரை படிக்க, இன்னொருவர் பாராட்ட, அவர் கட்டுரையை இவர் பாராட்ட, பரிமாற்றம் என்பது இதுதான் என்று புரிந்துகொண்டேன். கேள்வி நேரத்தில் கையைத் தூக்கினேன். தமிழில் இரண்டு வாக்கியம் பேசியிருப்பேன், உணவு இடைவேளை என்றார்கள். இந்தியக் கட்டடக்கலையைப் பற்றி 1834ல் லண்டனில் 48 படத்தகடுகளோடு நூல் வந்தது. எழுதிய ராம் ராஸ் தஞ்சாவூரில் பிறந்தவர். சிற்ப நூல்களில் புரியாத சொற்களுக்குச் சிற்பியிடமே பொருள் கேட்டு எழுதினார். இன்றைக்கு அந்தச் சிற்பி வந்திருந்தால், அவருக்கும் சாப்பாட்டு டோக்கன் மட்டும்தான் கிடைத்திருக்கும்.

எதைத்தான் எங்களிடம் விட்டு வைத்தார்கள்? 1966ல் மத்திய அரசின் கல்வெட்டுத் துறை ஊட்டியிலிருந்து மைசூருக்குப் போனபோது கல்வெட்டுகளின் மைப்படிகளும் அங்கே போயின. எங்கள் பாட்டன் பூட்டன் தானம் கொடுத்த சேதியைப் படிக்க நாங்கள் கர்நாடகத்துக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது. தமிழ்ப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி உயர் நீதிமன்றமே 2021ல் உத்தரவிட வேண்டியிருந்தது. வருஷா வருஷம் கல்லூரிப் பிள்ளைகள் டேப்போடு வந்து எங்கள் தெரு வீடுகளில் முற்றம், ரேழி, கூடம் எல்லாம் அளந்துகொண்டு போகிறார்கள். நல்ல பிள்ளைகள், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வரைபடத்தின் ஜெராக்ஸ்கூட எந்த வீட்டுக்கும் திரும்பி வந்ததில்லை. பக்கத்து ஊர்க் கோயில் ஒன்றில் திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டு மேல் சிமெண்ட் பூசியபோது, அதைப் பற்றிக் கட்டுரை எழுதியவர்கள் எவரும் வரவில்லை. நானும் இரண்டு பேரும்தான் போய்ச் சண்டை போட்டோம். அதைப் பற்றித் தங்களுக்கும் ஒரு கடிதம் எழுதினேன். இடமின்மை காரணமாக வெளிவரவில்லை என்று நினைக்கிறேன்.

இதையும் முழுதாகப் போட வேண்டும் என்று கேட்கவில்லை. அந்த மூன்றாவது பத்தி வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், சாத்தன் குணபத்தன் பெயரோடு. இன்னொன்று. கண்காட்சி அடுத்து வேறு ஊர்களுக்குப் போவதாக எழுதியிருந்தீர்கள். கும்பகோணம் அந்தப் பட்டியலில் இல்லை, அதையும் கவனித்தேன். அமைப்பாளர்களின் முகவரி தங்களிடம் இருக்கும், எனக்குத் தர மாட்டார்கள். அப்பாவின் பெயரைத் தனித்தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், அனுப்பிவையுங்கள். தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது. படத்துக்குக் கீழே இடம் போதாது என்று சொன்னால், தமிழில் நான்கே எழுத்து என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை போஸ்ட்மாஸ்டர்,
கோனேரிராஜபுரம்,
மயிலாடுதுறை மாவட்டம்.