கொட்டுகிற பாலைப் பற்றி சாந்திக்கு

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்தது. நித்யாவுக்குச் சுகப்பிரசவம், பேரன் மூன்று கிலோவுக்கு மேல், அழுதால் தெருக்கோடி வரைக்கும் கேட்கிறது என்று எழுதியிருந்தாய், படித்துவிட்டு அவரையும் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் சுகம். வசந்தா டீச்சருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, உன்னைத்தான் முதலில் விசாரித்தார்கள். கும்பகோணம் வீடு ஒருவழியாக விலைபோனது, அந்தக் கதையை நேரில் சொல்கிறேன்.

இப்போது உட்கார்ந்து எழுதுவது வேறு ஒரு விஷயத்துக்காக. பேரன் குடித்தது போக நித்யாவுக்குப் பால் மிஞ்சுகிறது, மார் கட்டிக்கொண்டு வலி தாங்காமல் பம்ப் வைத்து எடுத்துப் பின்பக்கம் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிடுகிறோம், யாருக்காவது கொடுக்கலாமே என்று அவள் கேட்டதற்குச் சம்பந்தியம்மாள் "கண் பட்டுவிடும், உனக்கே வற்றிவிடும்" என்று தடுத்துவிட்டார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். நீ சாதாரணமாகத்தான் எழுதினாய். எனக்கு அந்த இடத்தைத் தாண்டி மேலே படிக்க முடியவில்லை, ஏனென்றால் எங்கள் அனுவின் குழந்தை உயிரோடு இருப்பதே யாரோ ஒரு நித்யா கொட்டாமல் கொடுத்த பாலால்தான்.

அனுவுக்குக் குறைப்பிரசவம் என்று மட்டும்தான் உனக்குப் போனில் சொல்லியிருந்தேன், முழுதும் சொல்கிற நிலையில் அப்போது நான் இல்லை. ஏழாம் மாதத்தில் ரத்தக்கொதிப்பு ஏறி, கால் முகமெல்லாம் வீங்கி, அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். குழந்தை ஒன்றே கால் கிலோ. அவளை ஒரு ஐசியூவிலும் குழந்தையை இன்னொரு ஐசியூவிலும் வைத்திருந்தார்கள். முதலில் சேர்த்த தனியார் ஆஸ்பத்திரியில், அனுவுக்குப் பால் வருகிறதா என்று தொட்டுக்கூடப் பார்க்காமல், பால் பவுடர் டின் பெயரை ஒரு சீட்டில் எழுதி மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டார்கள். அங்கே இவ்வளவு சின்னக் குழந்தையைப் பார்க்க வசதி போதாது என்று அரசு மருத்துவமனைக்கு மாற்றினோம், அங்கே வந்த பிறகுதான் பால் வங்கி என்று, மற்ற தாய்மார் கொடுக்கிற பாலைச் சோதித்து வைத்திருந்து இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கிற இடம் ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது.

அவ்வளவு சின்னக் குழந்தைக்கு உறிஞ்சத் தெரியாது சாந்தி. உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சுவிடவும் மூன்றையும் ஒன்றாகச் செய்கிற பக்குவம் ஏறக்குறைய முப்பத்துநாலு வாரத்தில்தான் வருமாம். அதனால் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாய், அதன் நுனியில் ஊசியில்லாத சிரிஞ்ச், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டு மில்லி. நர்ஸ் சிரிஞ்சை அழுத்தவில்லை, உயர்த்திப் பிடித்தார், அந்த இரண்டு மில்லி தானாக இறங்கும்வரை கையை அசைக்காமல் நின்றார். கணக்குப் போட்டுப் பார், முதல் நாட்களில் ஒரு நாளைக்கு இருபத்தைந்து முப்பது மில்லிக்கு மேல் அந்தக் குழந்தைக்குத் தேவையில்லை. நித்யா ஒரு வேளைக்குச் செடியில் ஊற்றுகிற நூறு மில்லி, அங்கே ஒரு குழந்தைக்கு மூன்று நாள் ஆகாரம்.

பவுடரையே கொடுத்துவிட்டால் என்ன என்று நானும் டாக்டரிடம் கேட்டேன். குறைமாதக் குழந்தையின் குடல் இன்னும் முதிர்ந்திருக்காது, பவுடர் பாலில் வளர்க்கும்போது குடல் வெந்து அழுகிப்போகிற ஒரு நோய் வருகிற ஆபத்து கூடுகிறது, வந்தால் பல குழந்தைகள் தப்புவதில்லை, தாய்ப்பால் கொடுத்தால் அந்த ஆபத்து குறைகிறது, அது வேறொரு தாயின் பாலாக இருந்தாலும் சரி என்றார். அப்புறம் அவர் சொன்ன வரிசை எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. முதலில் பெற்றவளின் பால், நேராகக் குடிக்க முடியாவிட்டால் பீய்ச்சி எடுத்து. அது கிடைக்காதபோது வங்கியில் சோதித்து வைத்த பால். அதுவும் இல்லாதபோதுதான் பவுடர். வங்கிப் பாலைச் சூடுபடுத்துவதில் சில சத்துகள் குறையத்தான் செய்யும், நோய் எதிர்க்கிற சரக்கில் நல்ல பங்கு மிஞ்சும், ஆனாலும் அம்மா பாலுக்கு ஈடாகாது என்று ஒளிக்காமல் சொன்னார். அதனால் அனுவை விடவில்லை. ஐசியூவில் படுத்திருந்தவளிடமே ஒரு நர்ஸ் வந்து, கையைக் கழுவி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்துக்கு வெளியே விரலை வைத்துப் பின்னால் அழுத்தி முன்னால் கொண்டுவரச் சொல்லிக்கொடுத்தார். முதலில் மஞ்சளாக, பிசுபிசுவென்று சில சொட்டுகள்தான். நம் பாட்டிமார் கெட்ட பால் என்று பீய்ச்சி எறியச் சொன்ன அதே சீம்பால். அந்தச் சொட்டுகளைக்கூடப் பஞ்சில் ஒற்றிக் குழந்தையின் கன்னத்துக்கு உள்பக்கம் தடவினார்கள். இரவு பகல் பார்க்காமல் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் எடுக்க எடுக்கத்தான் அவளுக்குப் பால் இறங்கியது, அதுவரைக்கும் இடைவெளியை அடைத்தது வங்கிப் பால்.

சம்பந்தியம்மாளுக்கு நீ சொல்ல வேண்டிய பதில் அவர்களுக்கே தெரிந்த பழமொழியில் இருக்கிறது, இறைக்கிற கிணறுதான் ஊறும். எடுக்காமல் தேங்கவிட்டால்தான் உடம்பு, இங்கே தேவையில்லை போலிருக்கிறது என்று சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். அவர்கள் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை, பிள்ளை பெற்ற வீட்டில் பெரியவர்களுக்கு எல்லாவற்றுக்கும் பயம் இருக்கும், அது அக்கறையில் வருகிற பயம். ஆனால் அவர்கள் காலத்தில் இது புதிதே இல்லை என்பதையும் நினைவுபடுத்து. எங்கள் பாட்டி டைபாய்டில் படுத்தபோது அப்பாவுக்கு அவருடைய சித்திதான் தன் பிள்ளையோடு சேர்த்துப் பால் கொடுத்தார். கூட்டுக் குடும்பத்தில் யாரும் கேட்டுக்கொண்டு செய்ததில்லை. இன்றைக்கு நேராக அப்படிக் கொடுப்பதைத் தவிர்க்கச் சொல்வது எச்ஐவி போன்ற சில கிருமிகள் பால் வழியாகப் போகக்கூடும் என்பதால்தான், அதற்காகத்தான் வங்கி. கொடுக்கிற தாய்க்கு எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சிபிலிஸ் சோதனை செய்கிறார்கள், என்னென்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று கேட்கிறார்கள், பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து உடனே குளிரவைக்கிறார்கள், கிருமி வளர்கிறதா என்று பார்த்த பிறகுதான் மைனஸ் இருபது டிகிரி பெட்டியில் உறையவைத்திருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். முக்கியமாக, தன் குழந்தைக்குப் போதுமான பால் போய், அது நன்றாக எடை ஏறுகிற தாயிடம் மட்டும்தான் வாங்குகிறார்கள். உன் பேரனுக்குப் பங்கம் வராது.

அங்கே வார்டில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. ஒரே தாயிடம் பால் குடித்தால் சகோதர உறவு ஆகிவிடுமே, நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது என்ன செய்வது என்று அந்தப் பாட்டி தயங்கினார். யாரும் அவர்களைக் கடிந்து பேசவில்லை. டாக்டர் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினார், அவர்கள் தங்கள் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு வந்து சம்மதித்தார்கள். அந்த மாதிரி ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேச ஒரு ஆள் இருந்தால் நம்முடைய பாதித் தயக்கம் தீர்ந்துவிடும் என்று தோன்றியது.

இது ஏதோ இப்போது வந்த ஃபேஷன் என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், 1909-இல் வியன்னாவிலேயே பால் வங்கி தொடங்கிவிட்டார்கள் என்று சொல். நம் நாட்டில் 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கினார், ஆசியாவிலேயே அதுதான் முதல். எனக்கு ரொம்பப் பிடித்தது பிரேசில்காரர்கள் செய்வது. இருநூறுக்கு மேல் வங்கிகள், காபித்தூள் வருகிற கண்ணாடிப் பாட்டிலைக் கொதிக்கவைத்து அதில் தாய்மார்கள் பாலை உறையவைத்திருப்பார்கள், சில ஊர்களில் தீயணைப்புப் படையினரே வீடு வீடாக வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். நம் ஊரில் அந்த மாதிரி வீட்டு வாசலுக்கு வந்து வாங்குவது எங்கும் வழக்கமாகிவிட்டால், பச்சை உடம்போடு பெண்கள் ஆட்டோ பிடித்து அலைய வேண்டியிருக்காது.

ஒன்று சொல்லியாக வேண்டும். நான் இப்படியெல்லாம் எழுதுவதால் பவுடர் கொடுக்கிற பெண்களை யாராவது குறை சொன்னால் கேட்டுக்கொண்டிருப்பேன் என்று நினைத்துவிடாதே. எங்கள் தெருவில் ஒரு பாட்டி, மகள் பிரசவத்தில் ரத்தப்போக்கில் போய்விட்டாள், நிறைமாதக் குழந்தை, ஆரோக்கியமாக இருக்கிறது. வங்கியில் இருக்கிற பால் குறைமாதத்துக்கும் நோயில் கிடக்கிற குழந்தைக்குமே போதவில்லை, அந்தக் குழந்தைக்கு மாதக்கணக்கில் எங்கிருந்து கொடுப்பார்கள்? பவுடர்தான். ஆரம்பத்தில் டின் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே என்று பாட்டி தண்ணீரைக் கூட்டிக் கூட்டிக் கலக்கியிருக்கிறார், குழந்தை எடையே ஏறவில்லை. கிராம சுகாதார செவிலியர் வந்து பார்த்துவிட்டு அடுப்படியிலேயே நின்று சொல்லிக்கொடுத்தார். தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறிப்போகிற வரைக்கும் விடாமல் நல்ல சூடு இருக்கும்போதே பவுடரைப் போட வேண்டும், பவுடரிலேயே கிருமி இருக்கலாம், அந்தச் சூடுதான் அதைக் கொல்லும், பிறகு குழந்தைக்குப் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். டின்னில் போட்டிருக்கிற கணக்குக்கு ஒரு கரண்டி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இப்போது பாட்டி கத்தியின் பின்பக்கத்தால் கரண்டியைச் சீவித் தட்டையாக்கிப் போடுகிற அழகைப் பார்க்க வேண்டும். பாட்டிலும் கிடையாது, பாலாடையில்தான் புகட்டுகிறார், கழுவிக் கொதிக்கவைக்க அதுதான் சுலபம். பசும்பாலில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கலாமே என்று அக்கம்பக்கத்தில் சொன்னதையும், நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைக்கச் சொன்னதையும் தள்ளிவிட்டார். ஒரு வயதுக்குள் இரண்டுமே கூடாது. குழந்தை இப்போது கொழுகொழுவென்று இருக்கிறது.

அதே போலத்தான் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர்கள், தத்தெடுத்தவர்கள், எவ்வளவு முயன்றும் பால் போதாதவர்கள். அவர்களைப் பார்த்து "பால் கொடுக்கலையா" என்று கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவில் கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அனுவையே எத்தனை பேர் கேட்டார்கள் தெரியுமா, பால்சுறா புட்டு கொடுத்தீர்களா, பூண்டு கொடுத்தீர்களா என்று. கொடுத்தோம், அவளும் சாப்பிட்டாள். தூங்கவிட்டீர்களா, யாராவது ஆறுதலாகப் பேசினீர்களா என்று ஒருவர் கேட்கவில்லை. வேலைக்குப் போகிறவளுக்கு இருபத்தாறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 2017-இல் சட்டம் வந்தது, நம் மாநில அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஒரு வருடம். சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கும் வீட்டு வேலை செய்கிறவளுக்கும் அந்த விடுப்பு எங்கே இருக்கிறது? அவளுடைய குழந்தைக்குப் பால் குறைந்தால் அவளைக் குறை சொல்வதில் என்ன நியாயம்?

விற்கிற விஷயம் ஒன்று இருக்கிறது, உங்கள் பக்கம் என்பதால் எச்சரிக்கிறேன். 2024-இல் மாதவரத்தில் ஒரு கடையில் தாய்ப்பாலைப் பாட்டிலில் அடைத்து விற்றார்கள் என்று சீல் வைத்தார்களே, நினைவிருக்கிறதா? அதற்கு முன்பே உணவுப் பாதுகாப்பு ஆணையம் மனிதப் பாலை விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தது. அது சரிதான் என்பது என் கட்சி. காசு என்று வந்துவிட்டால் வயிறு காய்ந்த வீட்டுத் தாய் தன் பிள்ளைக்குக் குறைத்துவிட்டு விற்பாள், அளவு காட்டத் தண்ணீரும் சேரும். வாட்ஸ்அப்பில் கேட்டு வருகிற ஆட்களிடமும் கொடுக்க வேண்டாம். வங்கிக்கே கொடுங்கள், அங்கே காசு கொடுப்பதும் இல்லை, வாங்குகிற குழந்தையிடம் கேட்பதும் இல்லை.

உனக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை கிட்டத்தில்தானே இருக்கிறது, அங்கே தாய்ப்பால் வங்கி இருக்கிறது. நித்யாவின் கர்ப்பகால ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு போனால் என்ன மிச்சம் தேவை என்று சொல்வார்கள். வீட்டில் எடுத்துக் கொண்டுபோகலாமா, அங்கேயே வந்து எடுக்க வேண்டுமா, எதில் எடுக்க வேண்டும் என்பதை அவர்களிடமே முதலில் கேட்டுவிடு, ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பதை நீயாகத் தூக்கிக்கொண்டு போகாதே. அதற்கு முன்னால் ஒன்று: மார் கல்லாக இறுகிச் சிவந்து காய்ச்சல் அடித்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டிவிடு. அப்புறம் ஒரேயடியாகப் பம்ப் வைத்து ஒட்ட எடுத்தாலும் இன்னும் சுரந்து வலி கூடும், பேரன் குடித்த பிறகு எடுத்தால் போதும்.

சம்பந்தியம்மாள் இன்னும் தயங்கினால் போனை அவர்களிடம் கொடு, நான் பேசுகிறேன். அனுவையும் பேசச் சொல்கிறேன், அவளே பேசுவதாகத்தான் சொன்னாள். அவள் மகன் இப்போது கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறான், அடுத்த மாதம் சென்னைக்கு வரும்போது தூக்கிக்கொண்டு வருகிறோம். உன் மூட்டுவலிக்கு அந்த எண்ணெய் கேட்டதா இல்லையா என்று இந்தத் தடவையாவது மறக்காமல் எழுது.

அன்புடன்,
கோமதி