சங்குப்பூவுக்கு எந்தக் குடும்பம்? மூலிகைத் தோட்டங்களில் பெயர்ப்பலகை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சங்குப்பூக் கொடிக்குக் கீழே மூன்று விதமான தவறான பலகைகள் கண்ணில் படுகின்றன. ஒன்றில் குடும்பம் ‘கன்வால்வுலேசி’. இன்னொன்றில் ‘பாபிலியோனேசி’. மூன்றாவது, இதழ்கள் அடுக்காக விரியும் சங்குப்பூவான அடுக்குப்பூவுக்குத் தனிச் சிற்றினப் பெயர் சூட்டிய பலகை.

முதல் தவறுதான் ஆபத்தானது. சங்கபுஷ்பி என்று மருந்துக்கு வாங்கும் சரக்கில் கன்வால்வுலஸ் புரோஸ்ட்ரேட்டஸ், விஷ்ணுகிரந்தி, சங்குப்பூ மூன்றுமே புழங்குகின்றன; கேரளத்தில் சங்குப்பூவையே அந்தப் பெயரில் எடுக்கிறார்கள். முன்னிரண்டும் கன்வால்வுலேசிக் குடும்பத்தவை, தரையில் படரும் சிறு செடிகள். தனி இலை, ஒன்றாக ஒட்டிய ஐந்து அல்லிகள் (இதழ்கள்), ஐந்து மகரந்தத்தாள்கள். சங்குப்பூவோ சுற்றி ஏறும் கொடி. அதன் வேரும் விதையும் பேதியாக்கும். பலகையை நம்பி வேரைத் தோண்டுகிறவரை நினைத்துப் பாருங்கள்.

சரிபார்க்க ஒரு பூவும் ஒரு பிஞ்சும் போதும். இலை ஒற்றைப்படைச் சிறகுக் கூட்டிலை. பெரும்பாலும் 5 அல்லது 7 சிற்றிலைகள். பூவின் அடியில் உள்ள பச்சைப் புல்லிக்குழலைக் கீறிப் பிரித்தால் 10 மகரந்தத்தாள்கள்: ஒன்பது ஒரு கற்றை, ஒன்று தனி. சூலகத்துக்கு ஒரே அறை. அதுவே தட்டையான காயாகும். இத்தனையும் பயறுக் குடும்பத்துக்குரியவை. குழப்புவது கொடியல்லி, அதாவது பூவின் மிகப் பெரிய இதழ். அவரைப்பூவில் மேலே நிற்பது இங்கே தலைகீழாகக் கீழே விரிந்திருக்கும். பக்க இதழ்களான சிறகல்லியும் படகு வடிவப் படகல்லியும் அதன்மேல். வரும் தேனீயின் முதுகில் மகரந்தம் ஒட்டுவதற்கான அமைப்பு அது.

பூ தலைகீழாக இருப்பதை மட்டும் வைத்து முடிவுகட்டிவிடாதீர்கள். ரப்பர் தோட்டங்களில் மூடுபயிராக வளர்க்கும் சென்ட்ரோசீமாவுக்கும் இதே அமைப்புதான். அதற்கு மூன்றே சிற்றிலைகள், கொடியல்லியின் முதுகில் ஒரு சிறு முள்போன்ற புடைப்பு, மணி வடிவப் புல்லி. சங்குப்பூவில் அந்தப் புடைப்பு இல்லை. புல்லி நீண்ட குழல்.

பயறுக் குடும்பத்தின் ஒரு பகுதியைத் தனிக் குடும்பமாகக் கொண்டு ‘பாபிலியோனேசி’ என்பது பழைய பழக்கம். 2017இல் பயறுக் குடும்பம் ஆறு துணைக்குடும்பங்களாக மறுசீரமைக்கப்பட்டது. மைமோசாய்டே என்ற தனித் துணைக்குடும்பமே சீசல்பினியாய்டே என்ற இன்னொன்றுக்குள் போய்விட்டது. ஆகவே குடும்பம் ஃபேபேசி (பயறுக் குடும்பம்) என்றும், துணைக்குடும்பம் பாபிலியோனாய்டே என்றும் எழுதுங்கள். குடும்பத்தை அதன் இன்னொரு பெயரான லெகுமினோசே என்றாலும் பிழையில்லை, தாவரப் பெயரிடல் விதிகள் அதை அனுமதிக்கின்றன. உளுந்தும் அவரையும் இருக்கும் ஃபேசியோலியே இனக்குழுவில் இதையும் சேர்ப்பது வழக்கம் என்றாலும், அந்த எல்லையை மரபணு ஆய்வுகள் நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. பெயின்ட் அடித்த பலகையில் அதை ஏற்றாமல் விடுவதே நல்லது.

அடுக்குப்பூவும் வெள்ளைப்பூவும் தனிச் சிற்றினங்கள் அல்ல. அடுக்கில் சிறகல்லியும் படகல்லியும் கொடியல்லியைப் போலவே விரிந்துவிடுகின்றன, அவ்வளவுதான். வெள்ளையில் நீல நிறமி உருவாவதில்லை. இந்தப் பூ பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை கொள்ளும். ஆனாலும் பக்கத்து நீலக்கொடியிலிருந்து தேனீ மகரந்தம் கொண்டுவந்தால், நீலம் ஓங்கு பண்பென்பதால் வெள்ளைக்கொடியின் விதையிலேயே நீலப்பூ பூக்கும். விதை விற்பவர்கள் வெள்ளையைத் தள்ளி நடுங்கள்.

பலகையில் இவ்வளவு போதும்: கிளைட்டோரியா டெர்னேட்டியா லின்., ஃபேபேசி, பாபிலியோனாய்டே. 1753இல் லின்னேயஸ் இட்ட பெயர் இன்றுவரை மாறவில்லை. நிற வகையைத் தமிழில் அடியில் எழுதுங்கள். ‘வேரும் விதையும் பேதியாக்கும்’ என்று ஒரு வரி சிவப்பில் இருக்கட்டும்.