அந்த அட்டையை எழுதியது நான்தான்

அன்புள்ள உனக்கு,

வேறு பலரும் படிப்பார்கள் என்பதால் பெயர் போடவில்லை. உன் பட்டமளிப்பில் பெயரைத் தப்பாக வாசித்ததும் நீ மேடையிலிருந்து இறங்கி நேராக வெளியே போய் இன்றோடு ஒரு வருடம். மற்றதெல்லாம் உனக்கே தெரியும். அடுத்த வாரம் உன் தங்கைக்குப் பட்டமளிப்பு என்று கேள்விப்பட்டேன். அவளுக்கு ஹூட் (அங்கியின் மேல் கழுத்தைச் சுற்றிப் போட்டு முதுகில் தொங்கவிடும் துணி) மாட்டிவிடப் போவது நீதானே, அதனால் எழுதுகிறேன்.

ஹூட்டின் கனமெல்லாம் முதுகுப் பக்கம். நடக்க நடக்கப் பின்னால் சரிந்து, முன்பக்கம் தொண்டையில் ஏறி அழுத்தும். முன்னால் இருக்கும் சின்ன வளையம் சட்டைப் பொத்தானில் மாட்டுவதற்கு. பொத்தான் இல்லாத உடை என்றால் ஊக்குதான் கதி. இரண்டு தோளிலும் உட்புறமாக ஹூட்டை அங்கியோடு சேர்த்து ஒவ்வொன்று, வளையத்தை உள்ளே போட்டிருக்கும் துணியோடு சேர்த்து ஒன்று. ஹூட்டின் பளபளப்பான சாட்டின் துணி முகப்பில் குத்தினால் இழை இழுத்துக்கொள்ளும். தையல் ஓரமாகக் குத்து.

உன் தோளில் இரண்டாவது ஊக்கைக் குத்தியபோது கழுத்து நரம்பு துடித்தது என் விரலில் தெரிந்தது. "இதோட எல்லாம் முடிஞ்சுடும், இல்ல?" என்றாய். அது சந்தோஷமா பயமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. மேடையில் பெயர் வாசிப்பவரிடம் கொடுக்க வேண்டிய பெயர் அட்டையை நீட்டி, "கை நடுங்குது, நீயே எழுதிடு" என்றாய்.

உன் பெயரில் வரும் ழகரத்துக்கு வழக்கம்போல இசட்டும் எச்சும் போட்டேன். தமிழ் தெரியாதவர் அதை 'ஸ' போலவோ 'ஷ' போலவோதான் படிப்பார். அமெரிக்கர்கள் நாக்கைச் சுருட்டிச் சொல்லும் 'ஆர்'தான் ழகரத்துக்குக் கிட்டத்தில் வரும் ஒலி. அட்டையில் அதைப் போட்டு, அசை அசையாகப் பிரித்து எழுதியிருக்க வேண்டும். மன்னித்துவிடு. பாஸ்போர்ட்டில் இருப்பதை அப்படியே எழுதுவதுதான் சரி என்று நினைத்தேன். அது எழுத்துக்கான விதி, காதுக்கானது இல்லை. கூப்பிட்டது உன்னைத்தான் என்பது உன் அம்மாவுக்கே தெரியவில்லை. அவர் போனைத் தூக்குவதற்குள் மேடையில் அடுத்த ஆள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வரிசையில் அத்தனை நேரம் நின்றாய். பெயர் வாசிப்பவர் படிக்கட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தார். அட்டையைக் கொடுக்கும்போது வாயைத் திறந்து ஒருமுறை சொல்லியிருந்தால் போதுமே! அதற்கும் நானா வர வேண்டும்? மண்டபத்துக்கு வெளியே நீ சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அது நமக்குள் இருக்கட்டும்.

உன் நடை அன்று நன்றாக இருந்தது. ஊக்கு ஒன்றுகூட நழுவவில்லை.

தங்கையிடம் இதையும் சொல்லிவை. மேடையில் தரும் சான்றிதழ் உறை பெரும்பாலும் காலியாக இருக்கும். வரிசையில் ஒருவர் இடம் மாறினாலும் சான்றிதழ்கள் ஆள் மாறிப் போகும் என்பதால் பல இடங்களில் அசலை அங்கே தருவதில்லை. திறந்து பார்த்து மனசு விட்டுவிட வேண்டாம். அசல் வந்ததும் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடட்டும். லேமினேட் செய்யக் கூடாது. பின்னால் சான்றொப்ப முத்திரை குத்த முடியாமல் போகும்.

ஊக்கு ஆறேழு எடுத்துப் போ. அம்மாவை இடைகழி ஓரமாக உட்கார வை, எத்தனையாவது பெயர் என்பதையும் சொல்லிவிடு. அட்டையை அவளே எழுதட்டும்.