சில்காவில் பயிற்சி முடித்துக் கப்பல் ஏறப்போகும் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

ஒடிசாவின் சில்காவில் கடற்படைப் பயிற்சி முடிந்து, வெள்ளைச் சீருடையில் எடுத்த படம் இந்நேரம் ஊரில் எல்லார் போனிலும் சுற்றிக்கொண்டிருக்கும். 2023 மார்ச்சில் அங்கிருந்து வெளிவந்த முதல் அக்னிவீர் அணியில் 270-க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று மனசு நிறைந்துபோனது. நான் கடற்படையில் மெடிக்கல் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வுபெற்றவன். உங்களிடம் சொல்ல எனக்கு ஒரே ஒரு விஷயம் இருக்கிறது. கப்பலில் ஒருவர் அடிபட்டால், அவருக்கு முதல் வைத்தியம் பார்க்கப்போவது பக்கத்தில் நிற்கும் நீங்கள்தான்.

ஒரு மாலை, பின்தளத்தில் இரும்பு வடம் அறுந்து ஒரு பையனின் தொடையைக் கிழித்துவிட்டது. மைக்கில் அறிவிப்பு வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்கிறேனே தவிர, கப்பலுக்குள் ஓட முடியாது. செங்குத்தாக இரண்டு ஏணி, குனிந்து நுழைய வேண்டிய மூன்று இரும்புக் கதவு. போய்ச் சேர நாலு நிமிடம் ஆகியிருக்கும். தொடையின் பெரிய ரத்தக்குழாய் அறுந்திருந்தால் உயிர் போக அந்த நாலு நிமிடமே போதும்.

போய்ப் பார்த்தால், பையனின் இடுப்போரம் எங்கள் சமையல்காரர் மண்டியிட்டிருக்கிறார். ஏப்ரனைச் சுருட்டிக் காயத்துக்குள் திணித்து, இரண்டு முஷ்டியையும் அதன்மேல் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கியிருந்தார். மணிக்கட்டில் சப்பாத்தி மாவு இன்னும் காயவில்லை. நான் டூர்னிகே, அதாவது ரத்தத்தை நிறுத்த இறுக்கும் பட்டையைக் கட்டி இறுக்கி, மூன்று தடவை "விடுங்க" என்ற பிறகே கையை எடுத்தார். விரல்கள் மரத்து விரியவே இல்லை. பையன் பிழைத்துக்கொண்டான். எல்லாரும் எனக்கு நன்றி சொன்னார்கள், கூச்சமாக இருந்தது.

கப்பலில் டாக்டர் இருப்பாரே என்று நினைப்பீர்கள். விக்ராந்த் மாதிரி விமானம் தாங்கியில் 16 படுக்கை, ஆபரேஷன் தியேட்டர், சி.டி. ஸ்கேன் எல்லாம் உண்டு. 2025 ஏப்ரலில் ஓமன் கடற்கரைக்குக் கிழக்கே சுமார் 350 கடல் மைலில், எஞ்சின் வேலையில் விரல்கள் நசுங்கிய பாகிஸ்தான் மீனவர் ஒருவருக்கு நம் ஐ.என்.எஸ். திரிகண்ட் கப்பலின் டாக்டர் மூன்று மணி நேரத்துக்கும் மேலாக அறுவை சிகிச்சை செய்து விரல்களைக் காத்தார். பெருமையான விஷயம். ஆனால் உங்களில் பலர் போகப்போவது சின்னக் கப்பல்களுக்கு. அங்கே டாக்டர் கிடையாது. என் மாதிரி ஒரு ஆள், ஒரு கட்டில், ஒரு அலமாரி, அவ்வளவுதான். ஹெலிகாப்டர் வருவது தூரத்தையும் காற்றையும் பொறுத்தது.

1967 ஜூலை 29 அன்று அமெரிக்காவின் ஃபாரஸ்டல் என்ற விமானம் தாங்கிக் கப்பலில் ராக்கெட் ஒன்று தானாகப் பாய்ந்து தீப்பிடித்தது. தீயணைக்கப் பயிற்சி பெற்றவர்கள் முதலில் ஓடினார்கள். தீயில் குண்டுகள் வெடித்ததில் அவர்களில் பெரும்பாலோர் அங்கேயே மாண்டார்கள். பிறகு குழாயைப் பிடித்தவர்களுக்குச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை. மொத்தம் 134 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், கப்பலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தீயணைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று அங்கே உறுதியாக முடிவு செய்தார்கள். நீங்களும் தீக்குழாய் பிடிக்கக் கற்றிருப்பீர்கள். ரத்தத்தை நிறுத்துவதையும் அதே மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகுங்கள்.

டூர்னிகேயைக் காயத்துக்கு நாலு விரல் மேலே கட்டுங்கள், மூட்டின்மேல் கட்டாதீர்கள். ரத்தம் நிற்கும்வரை குச்சியை முறுக்குங்கள். அடிபட்டவர் வலியில் அலறுவார், கெட்ட வார்த்தையில் திட்டுவார். இரக்கப்பட்டுத் தளர்த்திவிடாதீர்கள். கட்டிய நேரத்தை எழுதிவையுங்கள். தீப்புண் என்றால் முதலில் மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி, குளிர்ந்த நல்ல தண்ணீரை இருபது நிமிடம் ஊற்றுங்கள். பேஸ்ட், வெண்ணெய் எதுவும் வேண்டாம்.

புகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2014 பிப்ரவரி 26 அன்று மும்பைக்கு அப்பால் சிந்துரத்னா நீர்மூழ்கியில் புகை சூழ்ந்து இரண்டு இளம் அதிகாரிகள் உயிரிழந்தார்கள். ஏழு பேரை ஹெலிகாப்டரில் மும்பையின் அஸ்வினி கடற்படை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே கிடப்பது உங்கள் உயிர்த்தோழனாகவே இருந்தாலும், மூச்சுக்கருவி மாட்டாமல் புகைக்குள் போகாதீர்கள். போனால் தூக்க வேண்டியவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள்.

கப்பலில் ஏறிய முதல் வாரமே கப்பலின் மருத்துவ அறையான சிக் பேக்குப் போய், டூர்னிகே எந்தப் பெட்டியில் இருக்கிறது, நீல் ராபர்ட்சன் ஸ்ட்ரெச்சர் எங்கே தொங்குகிறது என்று காட்டச் சொல்லுங்கள். கித்தானில் மூங்கில் பத்தைகள் வைத்துத் தைத்தது அது. ஆளைப் பாய் மாதிரி சுருட்டிக் கட்டி, தளத்துக்குத் தளம் ஏறும் குறுகலான திறப்பான ஹேட்ச் வழியே நிமிர்த்தித் தூக்கலாம். டிரில்லுக்கு யாரைக் கட்டலாம் என்று தேடும்போது எல்லாரும் நழுவுவார்கள். நீங்கள் கை தூக்குங்கள். கை கால் அசைக்க முடியாமல், ஹேட்ச் விளிம்பு நெற்றிக்கு நேரே வருவதைப் பார்த்தபடி ஒரு தடவை மேலே போய்ப் பாருங்கள். அடுத்தவரைத் தூக்கும்போது, அவர் தலைக்குக் கை கொடுக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் கப்பல் ஏறிய அண்ணன்