தமிழ் வகுப்புக்கு கம்ப்யூட்டர் வாங்கப் போற நம்ம கோயில் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயா, செயலாளர் அண்ணன், கணக்கு பாக்குற மாமா, ஞாயித்துக்கிழம பிள்ளைங்களோட மல்லுக்கட்டுற டீச்சர் சயாமா, எல்லாருக்கும் வணக்கம்.

போன மீட்டிங்ல நான் வாயே தொறக்கல, டீ ஆறிப்போற வரைக்கும் உக்காந்து கேட்டுட்டு மட்டும் இருந்தேன், ஏன்னா அன்னைக்கு யாரு பேசுனாலும் அத சண்டையாதான் எடுத்துக்கிட்டாங்க. சிங்கப்பூர்ல இருக்குற அண்ணன் ரெண்டு ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர் வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டாரு, அத வேணாம்னு சொன்னா மனசு நோகும்னு ஒரு கூட்டம். ஊரு முழுக்க விண்டோஸ்தான், ஆறு டெஸ்க்டாப் வாங்கிப் போட்டா வேலை முடிஞ்சுதுன்னு மாமா. விண்டோஸுக்கு பதிலா இலவசமா போடுற லினக்ஸ்னு அந்த காலேஜ் தம்பி ஆரம்பிச்ச உடனே பாதிப் பேரு வீட்டுக்கு கிளம்பிட்டீங்க. பங்குனி உத்திரத்துல யாரு காவடி முன்னாடி போறதுங்குற சண்டைக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியல. ரங்கூன்ல பதினஞ்சு வருசமா கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குறவன், அதுக்கு முன்னாடி இதே வகுப்புல பாயில உக்காந்து அ ஆ படிச்சவன், அந்த உரிமைல எழுதுறேன்.

நீங்க மூணு பேரும் எந்த மெஷின்னுதான் பேசுனீங்க, அதுல என்னத்த வைக்கப் போறோம்னு ஒருத்தரும் கேக்கல. பழைய வாத்தியாரோட சிடி ஞாபகம் இருக்கா? கேள்வித்தாள், தேவாரம், நம்ம பிள்ளைங்களுக்குன்னு அவரே எழுதுன பாட்டு, வருசக்கணக்கா ராத்திரி ராத்திரி உக்காந்து டைப் பண்ணாரு மனுசன். அவரு போனதுக்கப்புறம் சயாமா அந்த சிடிய எங்கிட்ட கொண்டு வந்தாங்க. திறந்தா ஒரு எழுத்து தமிழ் இல்ல. அம்மாங்குற சொல்லு இருக்க வேண்டிய இடத்துல எம், கே, செமிகோலன், கே, எச்னு நிக்குது. அது பாமினி ஃபான்ட். அந்தக் காலத்துல மெட்ராஸ் பர்மா பஜார்ல யாரோ சொந்தக்காரங்க வாங்கி அனுப்புன சிடில வந்திருக்கும் (இங்கருந்து போன நம்ம சனம் 1969ல கடை போட்ட பஜார், அங்கருந்து நமக்கே தமிழ் ஃபான்ட் திரும்பி வருது பாருங்க). பாமினி என்ன பண்ணும்னா, இங்கிலீஷ் எழுத்து இருக்குற இடத்துல தமிழ் எழுத்தோட படத்த ஒட்டி வைக்கும். கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ். அந்த ஃபான்ட் இல்லாத மெஷினுக்கு போனா வேஷம் கலைஞ்சிரும். அவருக்கு அது தெரியாது, அப்ப எல்லாரும் அதத்தான் போட்டாங்க, அவரும் போட்டாரு.

இது தமிழுக்கு மட்டும் வந்த வியாதி கிடையாது, நாம இருக்குற நாடே அனுபவிச்சது. ஸோஜிங்குற பர்மிய ஃபான்ட் யாருக்கு மறக்கும்? பர்மிய எழுத்துக்கு யூனிகோடுல (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் குடுத்த உலகப் பொது முறை) சரியான இடம் 2008லயே அதோட 5.1 பதிப்பு வந்தப்ப ஆயிருச்சு, ஆனா அதுக்கு முன்னாடியே ஸோஜி எல்லா கம்ப்யூட்டர்லயும் ஏறிருச்சு, அப்புறம் 2014ல சிம் கார்டு 1500 கியாட்டுக்கு வந்து ஊரே போன் வாங்குனப்ப கடைல ஸோஜி போட்டேதான் குடுத்தாங்க, நானும் போட்டுக் குடுத்திருக்கேன், பொய் சொல்ல மாட்டேன். ஸோஜி பாமினிய விட மோசம்னு சொல்லுவேன், ஏன்னா அது யூனிகோடுல பர்மியனுக்கு ஒதுக்குன அதே இடத்துலயே வேற மாதிரி உக்காந்துக்கிச்சு, மோன், ஷான், கரேன் எழுத்துக்கு வச்சிருந்த இடத்தையும் புடிச்சுக்கிச்சு, அதனால ஒரு மெசேஜ் வந்தா அது எந்த முறைன்னு மெஷினால உறுதியா சொல்ல முடியாது. கடைசில 2019 அக்டோபர் 1ம் தேதி நாடே யூனிகோடுக்கு மாறுறதுன்னு ஆச்சு. அந்த மாசம் என் கடைல வேற வேலையே நடக்கல, வர்றவங்க எல்லாரும் போன நீட்டி "என் மருமக அனுப்புனது படிக்க முடியல"ன்னாங்க. எல்லாரும் வச்சிருக்காங்கன்னு ஒண்ண வாங்குனதுக்கு பத்து வருசம் கழிச்சு வந்த பில்லு அது.

அதனால மெஷினுக்கு முன்னாடி கமிட்டி எழுதி கையெழுத்து போட வேண்டியது இது: வகுப்புல எது டைப் பண்ணாலும் யூனிகோடுதான், எல்லா மெஷின்லயும் கீபோர்டு தமிழ்99தான். பாமினி தெரிஞ்ச பெரியவங்க முணுமுணுப்பாங்க, முணுமுணுக்கட்டும். தமிழ்99 1999ல மெட்ராஸ் மாநாட்டுல முடிவான கீபோர்டு, உயிரெழுத்து இடது கைல, மெய் பெரும்பாலும் வலது கைல. அ, ம, ம, ஆ, நாலு தட்டு தட்டுனா அம்மா வந்துரும், புள்ளிய அதுவே வச்சுக்கும், ஒரே எழுத்து ரெண்டு வந்தா முதல் எழுத்துக்கு புள்ளின்னு அதுக்கு தெரியும். பாதிப் பிள்ளைங்க தமிழ பர்மிய எழுத்துலதான் போன்ல எழுதுதுங்க, அதுங்களுக்கு இது இலக்கண பாடம் மாதிரியே இருக்கும், நான் என் பொண்ணுகிட்ட பாத்தேன். இந்த கீபோர்டு மேக்குல உள்ளயே இருக்கு, லினக்ஸ்ல ஐபஸ்னு ஒரு இலவச மென்பொருள் போட்டா வந்துரும், விண்டோஸ்ல இ-கலப்பைன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அது போதும். இந்த ஒரு விஷயம் முடிவாயிருச்சுன்னா மெஷின் நாளைக்கு செத்தாலும் வேற மெஷின்ல அதே வேலைய தொடரலாம், நம்ம சண்டைல முக்காவாசி காணாம போயிரும்.

மிச்சம் கால்வாசிய இப்ப பேசுவோம். அதுல முதல்ல வர்றது கரண்டுதான், ஆப்பரேட்டிங் சிஸ்டம் அப்புறம்.

நாலு மணி நேரம் இருக்கு, நாலு மணி நேரம் இல்ல, சில நாள் அதுவும் சொன்னபடி இல்ல. கரண்டு வந்தா தெருவுல சின்னப் பிள்ளைங்க "மீ லாபீ"ன்னு கத்துற சத்தம் கேட்டுத்தான் நான் சோல்டரிங் அயர்ன எடுக்குறேன். மாமா சொல்ற ஆறு டெஸ்க்டாப்ப எடுத்துக்கோங்க, மானிட்டரோட ஒண்ணுக்கு 150 வாட்னு வச்சா மொத்தம் 900. நம்ம மண்டபத்துல இருக்குறது ஒரு 12 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் பேட்டரி, ஏட்டுக்கணக்குல 1200 வாட்-அவர், ஈய பேட்டரிய பாதிக்கு மேல இறக்குனா சீக்கிரம் செத்துரும், அப்ப கைல 600தான். டெஸ்க்டாப் ஆறும் நாப்பது நிமிசம் கூட தாங்காது, பாதி பாடத்துல இருட்டு. லேப்டாப் ஆறுன்னா ஒண்ணு 40 வாட், மொத்தம் 240, இன்வெர்ட்டர் தின்னது போக ரெண்டு மணி நேரம் ஓடும், அதுக்கு மேல லேப்டாப்போட சொந்த பேட்டரி வேற. டெஸ்க்டாப்ல கரண்டு போச்சுன்னா பிள்ளை டைப் பண்ணது போச்சு, லேப்டாப்ல அந்த கவல இல்ல. வோல்டேஜ் ஏறி இறங்கி பவர் சப்ளை வெடிச்ச டெஸ்க்டாப் என் கடைல இன்னைக்கும் மூணு கிடக்கு. புதுசா டெஸ்க்டாப்ங்குற பேச்சையே விடுங்க மாமா, கோவிச்சுக்காதீங்க.

அடுத்தது மேக். நான் மேக் எதிரி கிடையாது. மேக்குல தமிழ காட்டுற ஃபான்ட் மலேசியாக்காரரு முத்து நெடுமாறன் செஞ்சது, தமிழ் எம்என், சங்கம் எம்என்னு பேரு, எம்என்னா அவரு பேரோட முதல் எழுத்துங்கதான், அதே வரிசைல மியான்மர் எம்என்னும் இருக்கு, அதாவது மேக்குல தமிழும் பர்மியனும் ரெண்டும் ஒரு தமிழர் கை பட்ட எழுத்து. இத தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு ரொம்ப சந்தோசமா இருந்துச்சு, ரெண்டு எழுத்துலயும் வாழுற நமக்குத்தான் அதோட அருமை தெரியும். 2020 கடைசில ஆப்பிளோட சொந்த சிப்பு எம்1 போட்டு வந்த மேக்புக்குல இருந்து பேட்டரியும் நாள் முழுக்க நிக்குது, அத ஒத்துக்கணும். ஆனா மெமரி, ஸ்டோரேஜ் எல்லாம் போர்டுலயே ஒட்டிக்கிட்டு வருது, ஒரு பிள்ளை தண்ணிய கவுத்துச்சுன்னா நான் பிரிச்சு ஒரு பார்ட் மாத்தி குடுக்க முடியாது, போர்டே மாத்தணும், கம்பெனியோட சொந்த கடை இந்த ஊர்ல கிடையாது. 2025ல புது மேக்புக் ஏர் அமெரிக்கால 999 டாலர்ல ஆரம்பிச்சுது. 2021 ஆரம்பத்துல டாலர் 1330 கியாட் கிட்ட இருந்துச்சு, 2025ல வெளி மார்க்கெட்டுல 4000 தாண்டிருச்சு, மிச்சத்த நீங்களே பெருக்கிக்கோங்க. பழைய மேக் மலிவா கிடைக்குதுன்னு யாராச்சும் சொன்னா அது இன்டெல் சிப்பு போட்ட மேக்கான்னு கேளுங்க, மேக்ஓஎஸ் 26தான் அதுக்கு கடைசி பதிப்புன்னு ஆப்பிளே 2025ல சொல்லிருச்சு. சிங்கப்பூர் அண்ணன்கிட்ட நான் வேணா பேசுறேன். ஒண்ணு சயாமாவுக்கு, ஆண்டு மலர் போட. இன்னொண்ணோட காசு நம்ம கைக்கு வந்தா நாலு நல்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கலாம்.

விண்டோஸ். பிள்ளைங்க நாளைக்கு வேலைக்கு போற ஆபீஸ்ல அதுதான் இருக்கும், அது தெரியாம அனுப்புறது சரியில்ல, தம்பி இத ஒத்துக்கணும். என் கவலை வேற இடத்துல. இங்க கடைல விண்டோஸ்னு போட்டுக் குடுக்குறதுல முக்காவாசி திருட்டு காப்பி, அத ஆக்டிவேட் பண்ற சாமான்லயே வைரஸ். ஒரு கடைல இருந்து வந்த மெஷின்ல பென்டிரைவ் சொருகுனதும் ஃபோல்டர் எல்லாம் மறைஞ்சு ஷார்ட்கட்டா நின்னத இந்த வகுப்புலயே பாத்தோம்ல, திருவாசகம் பாராயண ஆடியோ முழுக்க அப்படித்தான் போச்சு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாஃப்ட் வழக்கமான சப்போர்ட்ட நிறுத்திருச்சு. 11 வேணும்னா டிபிஎம் 2.0ங்குற பாதுகாப்பு சிப்பு இருக்கணும், இன்டெல் ப்ராசஸர்னா எட்டாவது தலைமுறை அல்லது அதுக்கு மேல இருக்கணும். மாமா மருமகன் பாத்து வச்சிருக்குற டெஸ்க்டாப் நாலாவது தலைமுறை, ஸ்டிக்கர நான் பாத்துட்டேன், அதான் அன்னைக்கு சிரிச்சேன், கேலி பண்ணல. ஆபீஸ்ல ஓடி கழிச்ச எட்டாவது தலைமுறை லேப்டாப் இங்க செகண்ட் ஹேண்ட்ல வருது, அதுங்களுக்கு விண்டோஸ் லைசென்ஸ் பெரும்பாலும் போர்டுக்குள்ளயே எழுதி இருக்கும், சுத்தமா திரும்ப போட்டா நெட்டுல ஒரு தடவ சேர்ந்ததும் தானே ஆக்டிவேட் ஆயிரும். திருட்டும் இல்ல, செலவும் இல்ல. சிலதுல ஜப்பான் கீபோர்டு இருக்கும், அதுக்கு பயப்பட வேணாம், நாம எப்படியும் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டத்தான் போறோம்.

லினக்ஸ். தம்பி, நீ சொன்னது தப்பு இல்ல, சொன்ன விதம் தப்பு. அறுபது வயசு கமிட்டிகிட்ட சுதந்திர மென்பொருள் தத்துவத்துல இருந்து ஆரம்பிச்சா யாரு கேப்பா? கோயில் பின்னாடி ஸ்டோர்ல அஞ்சு பழைய டெஸ்க்டாப் தூசி தின்னுட்டு கிடக்கு, 4 ஜிபி மெமரி, ப்ராசஸரும் பழசு, விண்டோஸ் 11 அத வாசல்லயே நிறுத்திரும், லினக்ஸ்ல ஒரு ரகமான மின்ட், அதோட லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு அதுல தாராளமா ஓடும்னு சொல்லியிருந்தா மாமாவே முதல் ஆளா கை தூக்கியிருப்பாரு. காசு கிடையாது, பென்டிரைவ் வைரஸ் கிட்ட வராதுன்னே சொல்லலாம், ஒரு தடவ பென்டிரைவ்ல இறக்கிட்டா நெட்டு இல்லாமயே எத்தனை மெஷின்லயும் போடலாம், மின்ட் 22க்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. பாடம் எழுத லிப்ரே ஆபீஸ், சின்னதுங்களுக்கு விளையாட்டோட பாடம் சொல்ற ஜிகாம்ப்ரி. குறையும் சொல்லிடுறேன். வேர்டுல செஞ்ச ஃபைல திறந்தா சில நேரம் வரி தள்ளி நிக்கும். சில பிரிண்டர் முரண்டு புடிக்கும், கோயில் பிரிண்டர் எந்த ரகம்னு நான் இன்னும் பாக்கல. பெரிய குறை வேற. தம்பி எத்தனை நாள் இந்த ஊர்ல இருப்பான்? யாரையும் குத்தி சொல்லல, நம்ம பையங்க ஒவ்வொருத்தனா கிளம்பிட்டு இருக்கான், போன வருசம் ஒலிபெருக்கி பாத்த பையன் இப்ப மலேசியால. ஒருத்தன் தலைக்குள்ள மட்டும் இருக்குற கம்ப்யூட்டர் ரூம் அவன் கிளம்புற அன்னைக்கே பூட்டிரும். அதனால பத்தாங்கிளாஸ் பொண்ணுங்க ரெண்டு பேருக்கு முதல் மாசமே எல்லாம் சொல்லிக் குடுத்து, எப்படி இன்ஸ்டால் பண்றது, கெட்டா என்ன பண்றதுன்னு தமிழ்லயும் பர்மியன்லயும் நோட்டுல எழுதி வைக்கணும், பேப்பர் நோட்டு, சாமி ரூம் அலமாரில. இதுக்கு சரின்னா லினக்ஸுக்கு என் ஓட்டு.

ஆக என் கணக்கு நாலு லேப்டாப் விண்டோஸோட, முன் வரிசைல. கரண்டு இருக்குற நேரத்துக்கு மட்டும் அஞ்சு பழைய டெஸ்க்டாப் மின்ட்டோட, அதுல நான் கூலி வாங்க மாட்டேன், பவர் சப்ளை மாத்த வேண்டி வந்தா அந்த காசு மட்டும் குடுங்க. மிச்சம் இருந்தா இன்னொரு பேட்டரி. ரெண்டு பக்கமும் அதே யூனிகோடு, அதே தமிழ்99, ஒரு பிள்ளை இந்தப் பக்கம் ஆரம்பிச்ச கட்டுரைய அந்தப் பக்கம் போய் முடிக்கணும்.

வர்ற ஞாயிறு வகுப்பு முடிஞ்சதும் பென்டிரைவோட வர்றேன், ஸ்டோர்ல இருக்குற ஒரு மெஷின்ல மின்ட் போட்டு காட்டுறேன், கரண்டு இருந்தா. சயாமா, வாத்தியாரோட அந்த சிடிய எடுத்து வைங்க, பாமினிய யூனிகோடா மாத்துற கன்வெர்ட்டர் ஒண்ணு இப்ப எங்கிட்ட இருக்கு. அவரோட பாட்ட முதல் பாடமா பிள்ளைங்களே ஸ்க்ரீன்ல பாத்து படிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்க பழைய மாணவன், கடைசி வரிசை