மலையைப் பார்க்க முழங்கால் தடையாக இருக்கக் கூடாது

தமிழ்நாட்டின் நெடுஞ்சாலை, சுற்றுலா, வனத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைப்பாதையில், வண்டியை விட்டு இறங்கிப் பத்தடி வைத்தாலே பள்ளத்தாக்கைப் பார்க்க முடிகிற மாதிரி மூன்று நான்கு நிறுத்தங்களை ஒழுங்காக அமைத்துத் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். படி ஏற முடியாதவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், கர்ப்பிணிகள், எழுபதைத் தாண்டிய பெரியவர்கள் எல்லோரையும் மனதில் வைத்துக் கேட்கிறேன். மூன்று துறைகளையும் சேர்த்தே எழுதுவதற்குக் காரணம் உண்டு. சாலை ஒருவர் பொறுப்பு, சாலையோரக் காடு இன்னொருவர் பொறுப்பு, அங்கே வரும் பயணி மூன்றாமவர் பொறுப்பு. ஒரு சாய்வுப் பாதை போடுவதென்றாலும் மூவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் மலைக்குப் போவது என்றால் தனியாகப் போவது குறைவு. வேன் பிடித்து, பாட்டியிலிருந்து பேரன் வரை எல்லோரும் கிளம்புவோம். புளியோதரை கட்டி, வாந்திக்கு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு, விடிவதற்குள் மதுரையைத் தாண்டிவிட வேண்டும் என்று அவசரப்படுவோம். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் எல்லாம் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, நான் வண்டியிலேயே இருக்கேன்." என் அம்மாவும் அப்படித்தான் சொல்கிறார். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதளத்தில் மெதுவாக நடப்பார், நாலு படி என்றால் நின்றுவிடுவார். அவர் வண்டியில் இருந்தபடி பார்ப்பது முன்னால் நிற்கிற வேனின் பின்பக்கக் கண்ணாடியைத்தான். நாங்கள் எடுத்து வந்த போட்டோவை போனில் காட்டுகிறோம். "நல்லா இருக்குடா" என்கிறார். ஏழாயிரம் அடி ஏறி வந்த ஒருவருக்கு அது போதாது.

இத்தனைக்கும், இந்தச் சாலையைப் போல உட்கார்ந்த இடத்திலிருந்தே மலையைக் காட்டக்கூடிய பாதைகள் நம் மாநிலத்தில் அதிகம் இல்லை. டம் டம் பாறை என்ற சாலையோரக் காட்சிமுனையில் நின்றால் எதிரே தலையாறு அருவி. 297 மீட்டர், தமிழ்நாட்டிலேயே உயரமான அருவி. எலிவால் அருவி என்று அதற்குப் பெயர் வந்தது ஏன் என்பது மழைக்குப் பிந்தைய நாளில் பார்த்தால் புரியும். கறுத்த பாறைச் சுவரில் ஒரே வெள்ளைக் கோடாக இறங்கும். அதன் அடிவாரத்துக்கு நடந்து போவது பழக்கமுள்ளவர்களுக்கே கடினம். அப்படிப்பட்ட அருவியைச் சாலையோரத்திலிருந்து முழுதாகப் பார்க்க முடிவது நமக்குக் கிடைத்த பேறு. கீழே மஞ்சளாறு அணையின் நீர், அதற்கப்பால் வெயிலில் வெளிறிக் கிடக்கும் சமவெளி, அதுவும் அங்கிருந்தே தெரியும். அங்கிருந்து ஊத்து, பெருமாள்மலை என்று ஏற ஏறக் காற்று மாறுகிறது, மரம் மாறுகிறது. ஊருக்கு 8 கிலோமீட்டர் முன்னால் வெள்ளி நீர்வீழ்ச்சி. கொடைக்கானல் ஏரியில் நிரம்பி வழியும் தண்ணீர் 180 அடி உயரத்திலிருந்து சாலையோரத்திலேயே வந்து விழுகிறது. காரின் கதவைத் திறந்தாலே சாரல் முகத்தில் படும்.

இயற்கை இவ்வளவு கிட்டத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறது. கடைசிப் பத்தடிதான் சிக்கல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரிய செலவு வைக்கிற விஷயம் ஒன்றுகூட இதில் இல்லை.

முதலாவது, வண்டி நிற்கும் இடம். மலைப்பாதைகளில் காட்சி நன்றாக இருக்கும் இடம் பெரும்பாலும் வளைவாகத்தான் இருக்கும். அங்கேயே எல்லோரும் நிறுத்துகிறார்கள். இரண்டு பக்கமும் வண்டி நின்றுவிட்டால் மீதிச் சாலையில் ஏறும் பஸ்ஸும் இறங்கும் லாரியும் எதிரெதிரே சிக்கிக்கொள்ளும். வண்டி மலைச்சுவர்ப் பக்கம், காட்சி பள்ளத்தாக்குப் பக்கம் என்று இருந்தால், பெரியவரைக் கையில் பிடித்துக்கொண்டு வளைவில் சாலையைக் கடக்க வேண்டும். இரண்டாவது கியரில் இறங்கி வரும் வண்டி திரும்பிய பிறகுதான் ஓட்டுநருக்கு ஆள் நிற்பதே தெரியும். எனவே நிறுத்துமிடம் பள்ளத்தாக்குப் பக்கமே இருக்க வேண்டும், வளைவைத் தாண்டி நேராக ஓடும் துண்டில் இருக்க வேண்டும், 200 மீட்டர் முன்னாலேயே பலகை சொல்ல வேண்டும். அதில் இரண்டு இடங்களை மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்கென்று கோடு போட்டு ஒதுக்குங்கள். கதவை முழுதாகத் திறந்து, பக்கத்தில் சக்கர நாற்காலியை விரிக்கும் அகலம் அந்த இடத்துக்கு வேண்டும்.

அடுத்தது தடுப்புச் சுவர். இதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி உயரத்தில் இருக்கிறது. மூன்றரை அடிக்கு மொத்தமான கருங்கல் சுவர் கட்டினால், கால்மிதி இடிப்பதால் அவர் சுவரிலிருந்து இரண்டடி தள்ளித்தான் நிற்க முடியும். அங்கிருந்து அவருக்கு வானம் தெரியும், எதிர்மலையின் உச்சி தெரியும். பள்ளத்தாக்கு தெரியாது. மலையில் பார்வை கீழ்நோக்கிப் போக வேண்டும், அதைத்தான் அந்தச் சுவர் மறைக்கிறது. நாலு வயதுக் குழந்தைக்கும் இதே கதிதான். அதனால்தான் அப்பாக்கள் பிள்ளைகளைச் சுவர்மேல் தூக்கி உட்கார வைக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். எல்லாச் சுவரையும் இடிக்கச் சொல்லவில்லை. காட்சிமுனையில் ஒரு பத்தடி நீளத்துக்கு மட்டும் சுவருக்குப் பதிலாகக் கீழே அரையடிக் கட்டு, அதன்மேல் நெருக்கமான செங்குத்துக் கம்பிகள் போதும். கம்பி இடைவெளி நாலு அங்குலத்துக்குள் இருந்தால் குழந்தையின் தலை நுழையாது. குறுக்குக் கம்பி இல்லாவிட்டால் ஏறிப் பார்க்கும் ஆசையும் வராது.

அப்புறம் படிகள். காட்சிமேடை என்றால் இரண்டு படி உயர்த்திக் கட்டுவது நம் பழக்கமாகிவிட்டது. இரண்டு படி என்பது ஒரு அடி உயரம். ஒரு அடிக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்வுப் பாதை போட வேண்டும் என்று மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிமுறைகள் சொல்கின்றன. பன்னிரண்டு அடி இடம் இல்லாத காட்சிமுனை இருக்குமா? மேடையே இல்லாமல் சாலை மட்டத்திலேயே விட்டுவிட்டால் அதுவும் தேவையில்லை. உள்ளூர் வாசி ஒருவர் ஒரு மலையூரின் காட்சிமுனையில், மேடைக்கு அருகே கொட்டியிருந்த கட்டுமான மண்ணைக் காட்டி, "இதை அப்படியே சரிவாக்கியிருந்தாலே போதும் சார்" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

கழிப்பறையைப் பற்றிப் பெண்களிடம் கேளுங்கள். மலை ஏறுவதற்கு முன்பு தண்ணீர் குடிக்காமல் வரும் பெண்கள் எத்தனையோ பேர். சர்க்கரை நோயுள்ள பெரியவர்களுக்கு இது இன்னும் கொடுமை. மூன்று நிறுத்தங்களில் ஒன்றிலாவது, படியில்லாத, மேற்கத்திய வகைக் கழிப்பறை, பிடித்து எழுந்திருக்கச் சுவரில் ஒரு கம்பி, தண்ணீர் வரும் குழாய். கட்டுவதைவிட தினமும் கழுவ ஆள் வைப்பதுதான் இதில் பெரிய வேலை என்பது எனக்குத் தெரியும். அருகிலுள்ள ஊர்களின் மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் நியாயமான மாதச் சம்பளத்துக்கு அதை ஒப்படைக்கலாம்.

இதெல்லாம் சலுகையாகக் கேட்பதல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் வந்தது. பொதுமக்கள் பயன்படுத்தும் ஏற்கெனவே உள்ள கட்டடங்களை, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் எல்லோரும் அணுகும்படி மாற்ற வேண்டும் என்று அது சொல்கிறது. விதிகள் வெளியானது 2017 ஜூனில். கெடு 2022லேயே முடிந்துவிட்டது. அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது போதாது, மீற முடியாத கட்டாய விதிகள் வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. காட்சிமுனை கட்டடமா, இல்லையா என்று சட்ட நுணுக்கம் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்டணம் வாங்கி மக்களை உள்ளே விடுகிற இடம் எதுவாக இருந்தாலும் இந்தச் சட்டத்தின் நோக்கம் அதற்கும் பொருந்தும்.

நம் அரசால் இது முடியும் என்பதற்கு மெரினாவே சாட்சி. 2022 நவம்பரில் மணல்மேல் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை திறந்தார்கள். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தும் கடலலையை அருகில் பார்க்காதவர்கள் சக்கர நாற்காலியில் போய்க் கண்ணீர் விட்டதைத் தொலைக்காட்சியில் நாம் எல்லோரும் பார்த்தோம். அடுத்த சில நாட்களில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது. கைவிடாமல் சரிசெய்தார்கள். புதைகிற மணலில் செய்ய முடிந்ததை உறுதியான பாறைமேல் செய்ய முடியாதா?

காடு கெட்டுவிடுமே என்று வனத் துறையினர் கவலைப்படுவது நியாயம். அந்தக் கவலை எனக்கும் உண்டு. கொடைக்கானல் காடுகள் 2013இல் வனவிலங்குச் சரணாலயமாயின. மலைச்சரிவை வெட்டினால் அடுத்த வடகிழக்குப் பருவமழையில் அது சாலையில் வந்து விழும். எனவே புதிதாக எதையும் வெட்ட வேண்டாம். கண்ணாடிப் பாலமோ, கம்பிவட ஊர்தியோ, செல்ஃபி எடுக்கும் இதய வடிவ வளையமோ வேண்டவே வேண்டாம். அந்தப் பணத்தில் நூறில் ஒரு பங்கு இதற்குப் போதும். சாலை ஏற்கெனவே அகலமாக இருக்கும் இடங்கள், கருங்கல் ஜல்லி குவித்து வைக்கும் ஓரங்கள், சோதனைச்சாவடியை ஒட்டிய காலி இடங்கள் இவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். நிறுத்தத்தில் தின்பண்டக் கடை வேண்டாம் என்பதும் என் விருப்பம். கடை வந்தால் குரங்கு வரும். சோளக்கதிரைப் பறிக்கப் பாயும் குரங்கிடமிருந்து இளைஞர்கள் ஓடிவிடுவார்கள், ஊன்றுகோலோடு நிற்பவர் என்ன செய்வார்? கடைக்காரர்களின் பிழைப்பும் முக்கியம்தான். அவர்களுக்குச் சற்றுத் தள்ளி, மூடிய கடைகளாகக் கட்டித் தரலாம்.

எல்லா இடத்தையும் எல்லோருக்கும் திறந்துவிடு என்பது என் கோரிக்கை இல்லை. கொல்லிமலை ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். அது அப்படியே இருக்கட்டும், இறங்கி ஏறும் தெம்புள்ளவர்களுக்கான இடம் அது. ஆனால் வால்பாறைச் சாலையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் ஆழியாறு அணையைக் காட்டும் லோம்ஸ் காட்சிமுனை, ஊட்டி–கூடலூர் சாலையில் தவளைமலை, கொடைக்கானலின் தூண்பாறை, இவையெல்லாம் சாலைக்குப் பக்கத்திலேயே இருப்பவை. இவற்றை எட்ட முடியாமல் ஒருவர் திரும்பினால், அதற்கு மலை காரணமல்ல. கொடைக்கானலில் 1872இல் அமைத்த கோக்கர்ஸ் வாக் நடைபாதையையே பாருங்கள். மலைவிளிம்பை ஒட்டி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், நடக்க நடக்கக் காட்சி கூடவே வருகிறது. உச்சிக்கு ஏற்றிக் காட்டாமல் விளிம்போடு கூட்டிப்போய்க் காட்டலாம் என்ற யோசனை அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது.

இ-பாஸ் விஷயத்துக்கு வருகிறேன். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் சீசனுக்கு வண்டிக் கணக்கும் வைத்தார்கள்: கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000. மலை தாங்கும் அளவு பார்த்துத்தான் ஆட்களை விட வேண்டும், இதை நான் வரவேற்கிறேன். அந்தப் பதிவுப் பக்கத்திலேயே ஒரு சிறு பட்டியல் சேர்க்க முடியுமா? எந்தக் காட்சிமுனையில் படி இல்லை, எங்கே கழிப்பறை இருக்கிறது, எங்கே வண்டியிலிருந்தே பார்க்கலாம், காலை எத்தனை மணிக்குள் போனால் பெரும்பாலும் மஞ்சு மூடாமல் இருக்கும், இவ்வளவுதான். வீட்டிலேயே இது தெரிந்துவிட்டால் பெரியவர்களைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்ற பேச்சே எழாது. வண்டியில் சக்கர நாற்காலி வருகிறது என்று பதிவின்போதே குறிக்க ஒரு கட்டம் இருந்தால், அன்றைக்கு ஒதுக்கிய இடத்தைக் காலியாக வைக்கவும் உதவும்.

சொந்தக் காரோ வேனோ இல்லாமல் அரசுப் பேருந்தில் ஏறி வருபவர்கள்தான் அதிகம் மறக்கப்படுகிறவர்கள். ஜன்னலோரம் இடம் கிடைத்தவருக்கு மலை, கிடைக்காதவருக்கு முன்சீட்டின் முதுகு. பகல் நேரப் பேருந்துகளில் ஒன்றிரண்டையாவது டம் டம் பாறையில் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லலாம். இன்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் அந்த ஓய்வு நல்லதுதான்.

இதற்கு ஒரு கெடு வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், குறிஞ்சியை வைத்துக்கொள்ளுங்கள். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்து 2030. அந்த ஆண்டு கூட்டம் வரும், அதில் வயதானவர்கள் நிறைய இருப்பார்கள். 2006இல் அறுபது வயதில் வந்து பார்த்தவருக்கு அப்போது எண்பத்து நாலு. மறுபடி பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுபவரிடம் அடுத்த பூப்புக்கு வாருங்கள் என்று சொல்ல முடியாது.

முதல் வேலையாக, மூன்று துறைகளிலிருந்தும் ஒவ்வொருவர், கூடவே சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவர், முழங்கால் வலியுள்ள ஒரு பெரியவர் என்று ஒரே வண்டியில், மலைப்பாதை தொடங்கும் காட்ரோட்டிலிருந்து ஏறிப் பாருங்கள். எங்கெங்கே அவர்களால் இறங்க முடிகிறது, எங்கே முடியவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பகல் போதும். அந்தக் குறிப்பை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டுங்கள். வண்டியில் இடம் இருந்தால் என் அம்மாவை அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

நன்றியுடன்,
மதுரையிலிருந்து ஒரு மலைப்பயணி